பழைய ஜெட் ஸ்கி எஞ்சின்: சரிசெய்வதா, தூக்கிப் போடுவதா?

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊர்கள் பக்கம் போனால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை. அதற்குள் டயரில் காற்று இறங்கிப்போன ஒரு டிரெய்லர். அதன் மேல், 1990களில் அப்பாவோ மாமாவோ ஆசையாக வாங்கிய ஒரு ஜெட் ஸ்கி. மேலே தூசி, உள்ளே எலிக்கூடு. விற்க வருபவர் தவறாமல் ஒரு வசனம் சொல்வார்: "கடைசியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது!"

நன்றாக ஓடிய வண்டி ஏன் பதினைந்து வருடம் கொட்டகையில் நின்றது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்த எஞ்சினைச் சரிசெய்யலாமா, அல்லது பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஸ்பானரும் காசும் இருந்தால் முடிவு தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே மாதிரி கெட்டுப்போன இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு மறுபிறவி கிடைக்கிறது, இன்னொன்று குப்பைக்குப் போகிறது. ஏன்? அதற்கான காரணம் எஞ்சினுக்குள் இல்லை. சுமார் அறுபது வருட வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பாலைவனத்தில் தொடங்கிய கதை

தண்ணீரில் ஓடும் இந்த வண்டியின் கதை, வேடிக்கையாக, பாலைவனத்தில் தொடங்குகிறது. கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் 1960களில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். விடுமுறை நாட்களில் மோட்டோகிராஸ் பைக் ஓட்டுவார். பைக்கில் விழுந்தால் அடிபடும், தோல் உரியும். அப்படி ஒரு முறை விழுந்து எழுந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். விழுந்தாலும் அடிபடாத ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால்? தரைக்குப் பதில் தண்ணீரில் ஓடினால்?

வேலையை விட்டுவிட்டு 1960களின் நடுவில் அலுமினியத்தில் ஒரு மாதிரி வண்டியைச் செய்தார். அதில் முக்கியமான விஷயம், வெளியே சுழலும் புரொப்பல்லர் கிடையாது. வண்டிக்கு உள்ளே ஒரு பம்ப். அது அடியில் இருந்து தண்ணீரை இழுத்துப் பின்பக்கம் வேகமாகப் பீச்சும். அந்த உந்துதலில் வண்டி முன்னே போகும். ஓட்டுபவர் விழுந்தாலும் கால், கையை வெட்டும் இறக்கை எதுவும் வெளியே இல்லை.

யோசனை அருமை. ஆனால் இதில்தான் எஞ்சினின் தலையெழுத்தும் எழுதப்பட்டது. கவிழ்வதற்காகவே வடிவமைக்கப்பட்ட வண்டி இது. அதன் வயிற்றுக்குள், மூடிய பெட்டியில், தண்ணீருக்குப் பயப்படும் ஒரு எஞ்சின்! அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரிப்பேர் கதைக்கும் வேர் இந்த முரண்பாடுதான்.

முதல் தோல்வி

முதலில் ஆர்வம் காட்டியது கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம். ஸ்கி-டூ என்ற பனி வண்டியால் புகழ் பெற்றிருந்த அந்த நிறுவனம், பனியில் ஒன்று என்றால் தண்ணீரில் ஒன்று என்று 1968இல் சீ-டூ என்ற பெயரில் வண்டியை இறக்கியது. மஞ்சள் நிறத்தில், தட்டையாக, உட்கார்ந்து ஓட்டும் வண்டி. எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். பனி வண்டிகளுக்கும் எஞ்சின் கொடுத்த அதே நிறுவனம்.

முதல் மாடலின் எஞ்சின் காற்றால் குளிரும் வகை. பனிப் பிரதேசத்தில் அது சரி. சுற்றிலும் குளிர்ந்த காற்று வீசும். ஆனால் தண்ணீர் புகக்கூடாது என்று மூடி வைத்த பெட்டிக்குள் காற்றுக்கு எங்கே போவது? வண்டி எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. இரண்டு மூன்று வருடங்களுக்குள் சீ-டூ கடையைக் கட்டியது. அந்தப் பெயர் மீண்டும் தண்ணீருக்கு வர 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எஞ்சின் நல்லதா கெட்டதா என்பது மட்டும் கேள்வி அல்ல. அது இருக்கும் இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. பிற்காலத்தில் பழைய எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் இதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டி வந்தது.

440 என்ற சிரஞ்சீவி

ஜேக்கப்சன் அடுத்துப் போனது ஜப்பானின் கவாசாகியிடம். அவருக்குப் பிடித்த நின்று ஓட்டும் வடிவத்தில், 1970களின் தொடக்கத்தில் ஜெ.எஸ்.400 வந்தது. 'ஜெட் ஸ்கி' என்பது கவாசாகியின் வணிகப் பெயர். நகல் எடுப்பதையெல்லாம் 'ஜெராக்ஸ்' என்று சொல்வது போல, பிறகு எல்லா நிறுவன வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1970களின் நடுவில் இருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள லிங்கன் நகர ஆலையில் கவாசாகி இதைத் தயாரித்தது. கடலே இல்லாத மாநிலத்தில் இருந்து கடல் வண்டி!

1977இல் ஜெ.எஸ்.440 வந்தது. 1992 வரை, அதாவது பதினைந்து வருடங்களுக்கும் மேல், பெரிய மாற்றம் இல்லாமல் அது விற்பனையில் இருந்தது. எடை சுமார் 110 கிலோ. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஒரே ஒரு கார்புரேட்டர். ஆயில் பம்ப்கூடக் கிடையாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று யமஹா ஆர்.எக்ஸ்.100 பின்னால் நின்று நீலப்புகையை முகர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே கதவைத் திறந்து மூடுகிறது. அசையும் உறுப்புகள் குறைவு. எடை குறைவு. கவிழ்ந்தாலும் அடியில் தேங்கிய ஆயில் இடம் மாறிப்போகும் கவலை இல்லை, ஏனென்றால் அடியில் ஆயிலே தேங்குவதில்லை.

440 எஞ்சினின் சிலிண்டருக்குள் இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ். பிஸ்டன் உரசிக் கோடு விழுந்தால், லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுவிடலாம். நம்மூர் மெக்கானிக் கடைகளில் 'போர் போடுவது' என்று சொல்வது இதைத்தான். ஒரு முறை அல்ல, சில முறை செய்யலாம். எல்லை தாண்டினால் ஸ்லீவையே மாற்றலாம்.

1982இல் ஜெ.எஸ்.550 வந்தபோது அதன் எஞ்சின் 440இன் உறவுக்காரனாகவே இருந்தது. 550இன் எஞ்சினை எடுத்து 440இன் உடலில் உட்கார வைப்பது பொழுதுபோக்கு ஆர்வலர்களின் வழக்கமான வேலையாகிவிட்டது. பல வருடங்கள் மாறாத வடிவம், அதனால் ஏராளமான உதிரி பாகங்கள், அதனால் கை பழகிய மெக்கானிக்குகள். ஒரு எஞ்சினுக்கு நீண்ட ஆயுள் கிடைப்பது இப்படித்தான்.

எஞ்சின் எப்படிச் சாகிறது?

வரலாற்றை நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டு எஞ்சினைத் திறந்து பார்ப்போம். இல்லாவிட்டால் பின்னால் வரும் கணக்கு புரியாது.

ஜெட் ஸ்கி எஞ்சினுக்குப் பெரும்பாலும் மூன்று வகையில் சாவு வரும்.

முதலாவது, தண்ணீர் குடித்துச் சாவது. வண்டி கவிழ்ந்து, தவறான பக்கமாகத் திருப்பப்பட்டால், சைலன்சரில் இருக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் வந்துவிடும். அதனால்தான் பல வண்டிகளின் பின்புறம், எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கரையில் வைத்து ஹோஸ் பைப்பால் எஞ்சினைக் கழுவும்போதும் இதே ஆபத்து. எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீரை மூடிய பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் பின்வழியாக உள்ளே ஏறும்.

தண்ணீர் குடித்த எஞ்சினைக் காப்பாற்ற முடியும், ஆனால் நேரம் முக்கியம். அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, மறுபடி ஓடவிட்டு ஆயில் பூச வைத்தால் பிழைக்கும். 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் கிராங்க் பேரிங்குகள் துருப்பிடித்துவிடும். கடல் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஏரியில் ஓடிய வண்டிக்கும் கடலில் ஓடிய வண்டிக்கும் பழைய சந்தையில் மதிப்பு வேறுபடுவது இதனால்தான்.

இரண்டாவது, காய்ந்து சாவது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் ஓட்டம் இல்லை. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் உயிர். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகி, நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். ரப்பர் குழாய்கள் உள்ளே இளகும் அல்லது வெடிக்கும். கிராங்க் ஓரத்தில் உள்ள ஆயில் சீல் காய்ந்து காற்றை உள்ளே விடும். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் உருகி சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் 'சீஸ்' ஆகிவிடும்.

மூன்றாவது, தேய்ந்து சாவது. இது இயற்கை மரணம். பாவம், மிகச் சில எஞ்சின்களுக்கே அந்தப் பாக்கியம்!

மெக்கானிக் முதலில் செய்வது கம்ப்ரெஷன் சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பல டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு ஒட்டி வந்தால் ஆரோக்கியம். அந்த எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்கள். ஆனால் அந்த மீட்டர் பிஸ்டனையும் ரிங்கையும் பற்றி மட்டுமே பேசும். கீழே துருப்பிடித்த கிராங்க் பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. மேல்பகுதி மட்டும் போயிருந்தால் செலவு குறைவு. கிராங்க் போயிருந்தால் எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். செலவு பல மடங்கு ஏறும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எஞ்சின் ஏன் செத்தது என்று கேட்காமலே புதுப் பிஸ்டனைப் போடுவது. அடைபட்ட கார்புரேட்டரும் காற்றுக் கசியும் சீலும் அப்படியே இருந்தால், புதுப் பிஸ்டனும் அதே மாதிரி, அதே இடத்தில் உருகும். முதல் பிஸ்டன் உயிரைக் கொடுத்துச் சொன்ன செய்தியை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு லட்சம் வண்டிகள்

இப்போது மறுபடி வரலாற்றுக்கு. 1986இல் யமஹா வேவ்ரன்னர் என்ற வண்டியைக் கொண்டு வந்தது. உட்கார்ந்து ஓட்டலாம், இன்னொருவரையும் ஏற்றிக்கொள்ளலாம். நின்று ஓட்டும் ஜெட் ஸ்கிக்குப் பயிற்சி தேவை. பழகும்வரை ஓட்டுவதைவிட விழுவதுதான் அதிகம். வேவ்ரன்னருக்கு அது தேவையில்லை. 1988இல் சீ-டூ, தண்ணீரால் குளிரும் ரோட்டாக்ஸ் எஞ்சினோடு திரும்பி வந்தது. பழைய தோல்வியில் கற்ற பாடம் வீணாகவில்லை!

அதுவரை இளைஞர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்தது குடும்ப வண்டியானது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் வண்டிகள் விற்றன. லாபத்தைப் பார்த்து புதுப்புது நிறுவனங்கள் குதித்தன. பனி வண்டி செய்த போலாரிஸ் 1992இல் வந்தது. இன்னொரு பனி வண்டி நிறுவனமான ஆர்க்டிக் கேட், டைகர்ஷார்க் என்ற பெயரில் 1993இல் வந்தது.

எஞ்சின்களும் மாறின. இரண்டு சிலிண்டர் மூன்றானது. ஒரு கார்புரேட்டர் மூன்றானது. ஆயில் பம்ப் வந்தது. சில மாடல்களில் இரும்பு ஸ்லீவுக்குப் பதில், அலுமினியச் சிலிண்டரின் மேல் நிக்கல் கலவை முலாம் பூசினார்கள். எடை குறையும், சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் முலாம் பெயர்ந்தால் ஊர் லேத்தில் கடைந்து சரிசெய்ய முடியாது. முலாம் பூசும் தொழிற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது புதுச் சிலிண்டர் வாங்க வேண்டும். வேகம் கூடியது. பழுது பார்க்கும் வசதி குறைந்தது.

இன்று கொட்டகைகளில் கிடப்பவை பெரும்பாலும் இந்தக் காலத்து வண்டிகள்தான். அவ்வளவு விற்றால் அவ்வளவு மிஞ்சத்தானே செய்யும்?

ஏரி கேட்ட கணக்கு

டூ ஸ்ட்ரோக்கின் எளிமைக்கு ஒரு விலை உண்டு. எரிந்த புகை வெளியே போகும் கதவும், புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் கதவும் ஒரே சமயத்தில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் கால் பங்குக்கும் மேல் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும். அதோடு ஆயிலும். சாலையில் என்றால் புகையாகப் பறந்துவிடும். ஜெட் ஸ்கியின் சைலன்சர் திறப்பதோ நேராகத் தண்ணீருக்குள்.

நான்கு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் ஏரிக்கு என்பது போல ஒரு கணக்கு. அந்த ஏரிகளில் பல, ஊர்களுக்குக் குடிநீர் கொடுப்பவை.

1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, படகு எஞ்சின்களுக்கும் ஜெட் ஸ்கிகளுக்கும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தது. 2006க்குள் படிப்படியாக மாசைக் குறைக்க வேண்டும். கலிபோர்னியா இன்னும் கடுமையான விதிகளை 1998இல் ஏற்று, 2001 மாடல்களில் இருந்து அமல்படுத்தியது. எவ்வளவு சுத்தமான எஞ்சின் என்று காட்ட வண்டியில் நட்சத்திர ஸ்டிக்கர்கள் ஒட்டும் முறையும் அங்கே வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த விதிகள் புதிய எஞ்சின்களுக்குத்தான். பழைய எஞ்சினை ஓட்டக்கூடாது என்று அவை சொல்லவில்லை. ஆனால் சில ஏரிகள் அதையும் சொல்லின. கலிபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரி, கண்ணாடி போன்ற தெளிந்த நீருக்குப் பெயர் பெற்றது. அந்தத் தண்ணீரில் பெட்ரோலில் கலக்கும் வேதிப்பொருட்கள் தென்பட ஆரம்பித்தன. 1999 ஜூன் மாதம் முதல் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கிகளுக்கு அங்கே தடை வந்தது.

அன்றோடு அந்த ஏரிக்கரை வீடுகளில் இருந்த நூறு சதவீத ஆரோக்கியமான எஞ்சின்கள்கூட 'பழுது பார்க்கத் தகுதியற்றவை' ஆகிவிட்டன. ஒரு திருகுகூடக் கெடவில்லை. கம்ப்ரெஷன் 150 காட்டியது. ஆனால் இறக்குவதற்குத் தண்ணீர் இல்லை! அதே எஞ்சினை இன்னொரு மாநிலத்தின் ஏரிக்குக் கொண்டு போனால் மதிப்பு உண்டு. எஞ்சினின் மதிப்பைத் தீர்மானித்தது எஞ்சின் அல்ல.

நடுவில் மாட்டிக்கொண்டவை

விதிகளைச் சமாளிக்க நிறுவனங்கள் முதலில் முயன்றது, டூ ஸ்ட்ரோக்கையே சுத்தமாக்குவது. எரியாத பெட்ரோல் வெளியே ஓடாமல் இருக்க, கதவு மூடிய பிறகு சிலிண்டருக்குள் நேரடியாகப் பீச்சும் முறை. 1999, 2000 வாக்கில் போலாரிஸும் சீ-டூவும் இத்தகைய வண்டிகளை விற்றன. கவாசாகியும் 2001இல் ஒன்றைக் கொண்டு வந்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. 2002இல் யமஹாவும் சீ-டூவும் ஹோண்டாவும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளை இறக்கின. யமஹா தன் புகழ்பெற்ற ஆர்-1 பைக்கின் எஞ்சினைத் தழுவி எஃப்.எக்ஸ்.140 செய்தது. 2003இல் கவாசாகியும் சேர்ந்துகொண்டது. சத்தம் குறைவு, புகை இல்லை, பெட்ரோல் மிச்சம். மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நடுவில் வந்த நேரடிப் பீச்சு எஞ்சின்கள் திரிசங்கு சொர்க்கத்தில் மாட்டிக்கொண்டன. 440 போல எளிமையும் இல்லை, ஃபோர் ஸ்ட்ரோக் போல எண்ணிக்கையும் இல்லை. அவற்றின் கம்ப்யூட்டர் பெட்டியும் விசேஷ இன்ஜெக்டரும் பழுதானால் புதிது கிடைப்பது கஷ்டம். ஏரிக்கு நல்லது செய்த எஞ்சின்தான் சரிசெய்யக் கஷ்டமான எஞ்சினாகவும் ஆனது என்பது வரலாற்றின் கிண்டல்.

அநாதையான எஞ்சின்கள்

இன்னொரு பக்கம் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. டைகர்ஷார்க் 1999இல் நின்றது. போலாரிஸ் 2004இல் விலகியது. ஹோண்டா 2000களின் இறுதியில் விலகியது. இவற்றுக்கெல்லாம் முன்பே வெட்பைக் என்ற வண்டி போய்ச் சேர்ந்திருந்தது. 1977இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய, பனிச்சறுக்குக் கட்டை மாதிரி கால்கள் வைத்த வண்டி அது. பாண்ட் ஓட்டியதால் மட்டும் உதிரி பாகம் கிடைத்துவிடாதே!

இந்த வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு 'சரிசெய்வதா வேண்டாமா' என்ற கேள்வி வேறு மாதிரி வந்தது. பிஸ்டன் கிடைக்கலாம். பொதுவான பேரிங்கும் கிடைக்கும். ஆனால் அந்த மாடலுக்கே உரிய எலக்ட்ரானிக் பெட்டியோ, எக்ஸாஸ்ட் குழாயோ போனால் இன்னொரு செத்த வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்றை ஓட்ட இரண்டை வாங்கியவர்கள் உண்டு. ஒரு ரூபாய் கோழிக்கு முக்கால் ரூபாய் மசாலா என்று கேலி செய்யலாம். ஆனால் அந்த வண்டியில்தான் அப்பா நீச்சல் தெரியாத பிள்ளைக்குத் தண்ணீர் பயத்தைப் போக்கினார் என்றால், அந்தக் கணக்கு வேறு.

அதே சமயம், நிறைய விற்ற சீ-டூ, யமஹா, கவாசாகி எஞ்சின்களுக்கு ஒரு புதிய தொழில் உருவானது. பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு, அதே மாதிரி வேறு ஒன்றைப் புதுப்பித்து உத்தரவாதத்தோடு வாங்கிக்கொள்ளும் மாற்று வியாபாரம். நாமே கிராங்கைப் பிரித்துக் கஷ்டப்பட வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. கொடுக்கும் பழைய எஞ்சினின் அடிப்பெட்டி உடையாமல் இருக்க வேண்டும். பிஸ்டன் கம்பி உடைந்து பெட்டியில் ஓட்டை போட்டிருந்தால் அதற்கு மதிப்பு இல்லை. அதனால் எஞ்சினில் வித்தியாசமான சத்தம் கேட்டவுடன் நிறுத்தியவருக்கு ஒரு விலை. 'இன்னும் ஒரு சுற்று மட்டும்' என்று ஓட்டியவருக்கு இன்னொரு விலை.

கடைசி டூ ஸ்ட்ரோக்

உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிய பிறகும், நின்று ஓட்டும் வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் தாக்குப்பிடித்தது. அங்கே எடைதான் எல்லாம். கவாசாகியின் 800 எஸ்.எக்ஸ்-ஆர் 2011 வரை வந்தது. 1990இல் தொடங்கிய யமஹா சூப்பர்ஜெட் 2020 வரை டூ ஸ்ட்ரோக்காகவே இருந்தது. 2021 மாடலில் அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. கவாசாகி 2017 மாடலாக எஸ்.எக்ஸ்-ஆரை ஃபோர் ஸ்ட்ரோக்கில் திரும்பக் கொண்டு வந்தபோது அதன் எடை சுமார் 250 கிலோ. பழைய 440ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

இதன் விளைவு எதிர்பாராதது. லேசான டூ ஸ்ட்ரோக் வண்டியை இனி பெரிய நிறுவனங்கள் புதிதாகச் செய்யப்போவதில்லை என்றானதும், கொட்டகையில் கிடந்த பழைய நின்று ஓட்டும் வண்டிகளுக்கு மவுசு வந்தது. ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லாத 440க்கும் 550க்கும் புது சிலிண்டர், புது கார்புரேட்டர், புது பிஸ்டன் என்று சிறு தொழிற்கூடங்கள் தயாரித்தன. புதிய எஞ்சினைத் தடுத்த சட்டமே பழைய எஞ்சினுக்கு ஆயுளை நீட்டித்தது.

அப்படியானால் முடிவு என்ன?

கொட்டகையில் கிடக்கும் அந்த வண்டிக்கு மறுபடி வருவோம். வரலாறு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

1. இதைச் சரிசெய்யும்படி செய்திருக்கிறார்களா? இரும்பு ஸ்லீவும் கார்புரேட்டரும் வைத்த இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால், உருகிய பிஸ்டன்கூடப் பெரிய விஷயம் இல்லை. நேரடிப் பீச்சு எஞ்சின் என்றால், சின்ன மின் பழுதுகூட முடிவாகிவிடலாம்.

2. இதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்களா? செய்த நிறுவனம் இன்னும் தொழிலில் இருக்கிறதா, இல்லாவிட்டாலும் பாகம் செய்பவர்கள் இருக்கிறார்களா? தனியாக நிற்கும் எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் ஒரு நாள் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக நின்றுவிடும்.

3. இதை ஓட்ட ஒரு தண்ணீர் இருக்கிறதா? அந்த ஏரி இதை ஏற்றுக்கொள்கிறதா? சட்டம் அனுமதித்தாலும், கால் பங்கு பெட்ரோலை எரியாமல் ஊற்றுவதற்கு அந்தத் தண்ணீர் தாங்குமா?

இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்த பிறகுதான் கம்ப்ரெஷன் மீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எஞ்சினைப் பிரித்து, காசைக் கொட்டி, கடைசியில்தான் பாகம் கிடைக்கவில்லை என்றும் ஏரியில் தடை என்றும் தெரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும் போல அல்ல. முதல் இரண்டும் உரிமையாளரின் பணப்பையைப் பற்றியவை. மூன்றாவது, அந்த ஏரியின் தண்ணீரைக் குடிக்கும் மற்றவர்களைப் பற்றியது. ஒரு பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். ஒரு பொருளைத் தூக்கி எறியாமல் இருப்பதும் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மைதான். ஆனால் வாரம் முழுவதும் ஓடும் வாடகை வண்டிக்கும், வருடத்தில் நான்கு நாள் பெரிய நீர்ப்பரப்பில் இறங்கும் பழைய 440க்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. வாடகை வண்டியின் டூ ஸ்ட்ரோக்குக்கு விடை கொடுத்துவிடலாம். 440க்கு ஒரு செட் பிஸ்டனும், சுத்தம் செய்த கார்புரேட்டரும், புது ஆயில் சீலும் வாங்கிக் கொடுக்கலாம்.

விழுந்தாலும் அடிபடாத வண்டி வேண்டும் என்று ஜேக்கப்சன் ஆசைப்பட்டார். ஓட்டுபவருக்கு அடிபடவில்லை, உண்மைதான். அடிகள் எல்லாம் எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் போயின. கொட்டகைக் கதவைத் திறந்து முடிவெடுப்பவர் இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.